விளையாட்டில் விஞ்ஞானம்: தரையை அடிப்பவனே கெட்டிக்காரன்

ஹாக்கி என்றால் நம் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. 1928-இல் ஆம்ஸ்டர்டாம், 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ், 1936-இல் பெர்லின் என்று மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் தொடர்ந்து தங்கப் பதக்கம் கொண்டு வந்த ஆட்டம் அது. தியான்சந்த் என்ற பெயரைக் கேட்டதும் சற்றே நிமிர்ந்து உட்காராத இந்தியர் யார்? அந்த ஆட்டத்தில் ஒருவன் ஓங்கிய மட்டை, பந்தை எட்டுவதற்கு முன்பே தரையில் மோதிவிட்டால் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? "பாவம், கை தவறிவிட்டது" என்று அநுதாபப்படுவார்கள். எதிர்க் கட்சிக்காரர்களாயிருந்தால் சிரிப்பார்கள்.

ஆனால் ஹாக்கி என்ற பெயரையே கொண்ட வேறோர் ஆட்டம் உண்டு. அதில் மட்டையை முதலில் தரையில் மோதுகிறவனே கெட்டிக்காரன். தரையைத் தொடாமல் நேரே அடிக்கிறவன், எவ்வளவு பலசாலியாயிருந்தாலும், கற்றுக்குட்டி என்றே எண்ணப்படுவான். இது என்ன விபரீதம் என்று கேட்கலாம். விபரீதம் ஒன்றுமில்லை, பௌதிக சாஸ்திரந்தான். அதைத்தான் இவ்வாரம் சிறிது விசாரிக்கப் போகிறோம்.

பந்தில்லாத ஆட்டம்

நாம் சொல்லும் ஆட்டம் பனி ஹாக்கி. இதன் தாயகம் கானடா. குளிர் காலத்தில் ஏரியும் குளமும் கல்லாய் உறைந்து கிடக்கும் நாட்டில், அந்தக் கல்லின்மேல் ஓடியாடக் கற்றுக்கொண்டவர்கள் உண்டாக்கிய விளையாட்டு அது. நம் தேசத்திலும் இது அடியோடு தெரியாததன்று. இமயத்துக்கு அப்பால் லடாக்கில், உறைந்த நீர்நிலைகளின்மேல் ஆண்களும் பெண்களும் இதை விளையாடுகிறார்கள்.

ஆட்டக்காரர் காலில் அணிவது அடியில் எஃகுக் கத்தி பொருத்திய பூட்ஸ். வட அமெரிக்காவில் பெரிய பந்தயங்கள் நடக்கும் பனித்தளத்தின் நீளம் 200 அடி, அகலம் 85 அடி. கட்சிக்கு அறுவர் இறங்குவர். அவர்களில் ஒருவர் கோல் காவலர். அவர் காக்கும் வலையின் வாய் 6 அடி அகலமும் 4 அடி உயரமும் கொண்டது.

பந்துக்குப் பதிலாக இவ்வாட்டத்தில் இருப்பது ஒரு ரப்பர் வட்டு. 'பக்' என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர். குறுக்களவு 3 அங்குலம், கனம் 1 அங்குலம், எடை 5½ முதல் 6 அவுன்ஸ் வரை. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய கெட்டி ரப்பர் அது. ஆட்டத்துக்கு முன் இந்த வட்டுக்களைக் குளிர்ப் பெட்டியில் வைத்து உறையச் செய்கிறார்கள். ரப்பர் சூடாயிருந்தால் துள்ளும்; குளிர்ந்தால் துள்ளல் அடங்கிப் பனிமேல் வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே, ஆடுகளத்துக்கு வந்து சேரும் வட்டு ரப்பர் என்பது பெயருக்குத்தான். உண்மையில் அது ஒரு கருங்கல் துண்டுக்குச் சமானம்.

இந்தக் கருங்கல் துண்டை மணிக்கு 100 மைல் வேகத்தில் செலுத்துகிறார்கள். 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆட்டவா நகரில் நடந்த ஒரு திறமைப் போட்டியில் ஸ்டெனோ சாரா என்பவர் அடித்த வட்டு மணிக்கு 108.8 மைல் சென்றதாகக் கருவியில் பதிவாயிற்று. சாரா ஸ்லோவாகியா தேசத்தவர். 6 அடி 9 அங்குல உயரம். "அவ்வளவு உயரமான மனிதர் அடித்தால் ஏன் போகாது?" என்று தோன்றும். உயரமும் பலமும் உதவுகின்றன என்பது மெய்யே. ஆனால் அவை மட்டும் போதா. எத்தனையோ பயில்வான்கள் அந்த மட்டையைக் கையில் வாங்கி முழு பலத்தோடு அடித்தாலும் வட்டு அதில் பாதி வேகம்கூடப் போகாது. மிச்ச வேகம் எங்கே ஒளிந்திருக்கிறது?

மட்டையா, வில்லா?

ஒளிந்திருக்கும் இடம் மட்டையின் தண்டு. பனி ஹாக்கி மட்டையில் இரண்டு பாகங்கள் உண்டு. கையில் பிடிக்கும் நீண்ட தண்டு ஒன்று. அதன் அடியில் பனியோடு படிந்து நிற்கும் தட்டையான அலகு மற்றொன்று. பார்வைக்கு உறுதியாகத் தோன்றும் அந்தத் தண்டு உண்மையில் வளையக்கூடியது. எவ்வளவு வளையும் என்பதை மட்டையின்மேலேயே ஓர் எண்ணாக அச்சிட்டிருப்பார்கள். 85 என்று போட்டிருந்தால், தண்டை நடுவில் ஓர் அங்குலம் வளைக்க ஏறக்குறைய 85 பவுண்டு பாரம் வேண்டும் என்று பொருள். ஆகவே அது தடியுமல்ல, கம்புமல்ல. ஒருவகை வில் என்றே சொல்ல வேண்டும். வில்லுக்கு நாணைப் பின்னால் இழுக்க வேண்டும். இங்கே நாண் இல்லை. ஆதலின் வளைப்பதற்கு வேறோர் உபாயம் தேவைப்படுகிறது.

அந்த உபாயந்தான் தரையை அடிப்பது.

காரம் பலகையின் முன் உட்கார்ந்த எவரும் இதை உடனே புரிந்துகொள்ளலாம். காயைச் சுண்டுவதற்கு முன் விரலைக் கட்டை விரலில் முட்டுக் கொடுத்து நிறுத்துகிறோம். விரல் முன்னேறத் துடிக்கிறது. கட்டை விரல் விடுவதில்லை. அந்தத் தடையில்தான் சக்தி சேர்கிறது. கட்டை விரல் விலகிய க்ஷணத்தில் சேர்ந்த சக்தி முழுவதும் ஒரேயடியாய்ப் பாய்ந்து காயைத் தள்ளுகிறது. முட்டுக் கொடுக்காமல் வெறுமனே விரலை நீட்டித் தள்ளிப் பாருங்கள். காய் பலகையின் பாதியில் நின்று போகும். பனி ஹாக்கியில் கட்டை விரலின் வேலையைப் பனித்தளம் செய்கிறது.

'ஸ்லாப் ஷாட்' எனப்படும் வீச்சு அடியைப் படிப்படியாகப் பார்ப்போம். ஆட்டக்காரர் மட்டையைத் தோளுயரம் அல்லது அதற்கும் மேலே தூக்குகிறார். கால்களைத் தளத்தில் ஊன்றி, உடலின் பாரத்தைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்றுகிறார். வழுக்கும் பனியில் ஊன்றுவது எப்படி என்று கேட்டால், பூட்ஸிலுள்ள கத்தி நீளவாட்டில்தான் வழுக்கும். குறுக்குவாட்டில் பனியைக் கவ்விக்கொள்ளும். அந்தக் கவ்வலே அவருக்கு நிலம். காலில் பிறந்த பலம் இடுப்புக்கும், இடுப்பிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து கைக்கும் படிப்படியாய் ஏறுகிறது. மட்டை இறங்குகிறது. வட்டுக்குப் பின்னால் சில அங்குலத்திலிருந்து ஓரடிக்குள் ஓரிடத்தில் அலகு பனியில் மோதுகிறது.

மோதியதும் அலகு தயங்குகிறது. ஆனால் கைகள் தயங்குவதில்லை. கீழ்க்கை தண்டை அழுத்திக்கொண்டே முன்னே செல்கிறது. ஆகவே தண்டு நடுவில் வளைகிறது. மெதுவாக ஓட்டிக் காட்டும் சலனப் படத்தில் இதைப் பார்த்தால் மட்டை முறிந்துவிடுமோ என்றே அச்சமாயிருக்கும். அப்படி வளைந்தபடியே அலகு வட்டைச் சேர்கிறது. பிறகு பிடிப்பு நீங்கித் தண்டு நிமிர்கிறது. அந்த நிமிர்வினால் அலகு, கைகளைக் காட்டிலும் மிகுந்த வேகத்தோடு முன்னே பாய்கிறது. வட்டுக்குக் கிடைப்பது கையின் வேகம் மட்டுமன்று. கையின் வேகமும் வில்லின் வேகமும் சேர்ந்த மொத்தம்.

அலகு வட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் எவ்வளவு என்பதை மான்ட்ரீல் நகரத்து மக்கில் சர்வகலாசாலையில் அளந்து பார்த்திருக்கிறார்கள். தேர்ந்தவர்களின் அடியில் அது விநாடியில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. கற்றுக்குட்டிகளின் அடியில் அதனினும் குறைவு. இதில் ஒரு பாடம் உண்டு. பலமாக அடிப்பது என்றால் பட்டென்று தட்டிவிட்டு விலகுவது என்று நாம் நினைக்கிறோம். உண்மை நேர்மாறு. சிறந்த ஆட்டக்காரர் வட்டை அதிக நேரம் அலகோடு வைத்திருந்து, தண்டு நிமிர்வதன் பலனை முற்றிலும் அதற்கு ஊட்டிவிட்டுத்தான் விடுகிறார். அடி என்று பெயரே தவிர, அது ஒரு வீச்சு. மிகமிகச் சுருங்கிய காலத்தில் நடக்கும் வீச்சு.

மணிக்கு 100 மைல் செல்லும் வட்டில் அடங்கியுள்ள சக்தி எவ்வளவு? காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அதே வட்டு ஏறக்குறைய 330 அடி உயரமுள்ள கோபுரத்தின் உச்சியிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது எவ்வளவு சக்தியோடிருக்குமோ அவ்வளவு. இதைப் பிறகு நினைத்துக்கொள்ளச் சந்தர்ப்பம் வரும்.

முதலில் கண்டவர் யார்?

இந்த அடியை உலகறியச் செய்தவர் மான்ட்ரீல் கனடியன்ஸ் அணியில் ஆடிய பெர்னி ஜியோஃப்ரியன். 1950-களில் ஆடிய அவருக்கு 'பூம் பூம்' என்று ஒரு பட்டப் பெயர் உண்டு. மட்டை வட்டில் மோதும் ஓசை ஒரு 'பூம்'. வட்டு போய்ப் பலகைச் சுவரில் மோதும் ஓசை மற்றொரு 'பூம்'. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி அதிகமில்லை.

ஆயினும் முதலில் கண்டவர் அவரல்ல என்று சொல்லும் சரித்திர ஆசிரியர்களும் உண்டு. 1895-இல் நோவா ஸ்கோஷியா மாகாணத்து ஹாலிஃபாக்ஸ் நகரில், கறுப்பு இனத்தவர் தமக்கென்று ஒரு பனி ஹாக்கிச் சங்கம் நிறுவினார்கள். வெள்ளையர் அணிகளில் அவர்களுக்கு இடமில்லாத காலம் அது. அச்சங்கத்தில் ஹாலிஃபாக்ஸ் யுரேகாஸ் என்ற அணிக்கு ஆடிய எட்டி மார்ட்டின் என்பவர், 1906-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இத்தகைய அடியைக் கையாண்டார் என்பது அவர்கள் கொள்கை. அந்த நாளில் சலனப் படம் எடுத்து வைத்தவர் யாருமில்லை. யார் முதல்வர் என்ற வழக்கு எப்படித் தீர்ந்தாலும் சரி, ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் தமக்கென்று வகுத்துக்கொண்ட ஆடுகளத்திலும் புதுமை பிறந்திருக்கிறது என்பதை இன்று கானடாவே ஒப்புக்கொண்டு கௌரவிக்கிறது. அந்நாட்டில் அக்காலத்து மட்டைகளுள் பெயர் பெற்றவை மிக்மாக் என்ற ஆதிக்குடிகள் கடைந்து கொடுத்தவை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

சக்கரத்தின் சூட்சுமம்

வீச்சு அடிதான் எல்லாம் என்று எண்ணிவிடக் கூடாது. இதற்கு ஒரு தம்பி உண்டு. 'ரிஸ்ட் ஷாட்', அதாவது மணிக்கட்டு அடி. இதில் மட்டையை ஓங்குவதே இல்லை. வட்டு ஆரம்பத்திலிருந்தே அலகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆட்டக்காரர் மட்டையைப் பனியில் அழுத்தி, வட்டை முன்னே இழுத்துக்கொண்டு வந்து, கடைசியில் மணிக்கட்டைத் திருப்பி விடுவிக்கிறார். இங்கும் தண்டு வளைகிறது. இங்கும் வில்லின் உதவி உண்டு. ஆனால் இந்த அடிக்கே உரிய சிறப்பு வேறொன்று.

வட்டு அலகின் குதிகாலிலிருந்து நுனியை நோக்கி உருண்டு செல்கிறது. அப்படி உருள்வதால் அலகை விட்டுப் பிரியும்போது வட்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதையும், சுற்றாத பம்பரம் உடனே விழுந்துவிடுவதையும் குழந்தைகளும் அறிவார்கள். சுழற்சியே ஸ்திரம். மகாவிஷ்ணுவின் கையிலுள்ள சக்கரம் சுழன்றுகொண்டே போவதாக நம் முன்னோர் வருணித்ததில் பௌதிக சாஸ்திரத்துக்கு ஆக்ஷேபணை ஒன்றும் இருக்க முடியாது. சுழலும் வட்டு தட்டையாக, காற்றைக் கத்திபோல் அறுத்துக்கொண்டு, குறி வைத்த இடத்துக்குப் போகும். சுழற்சியின்றிக் கிளம்பிய வட்டு காற்றில் புரண்டு புரண்டு தள்ளாடும். அதற்கு வேகமும் குறையும். எங்கே போகும் என்பதும் நிச்சயமில்லை.

வட்டு மேலே எழும்புவது அலகைச் சாய்ப்பதால். வலையின் மேல்மூலையைக் குறி வைக்கும்போது பூமியின் ஆகர்ஷணத்தையும் மறக்கலாகாது. 40 அடி தூரத்தை மணிக்கு 100 மைல் வேகத்தில் கடக்க 0.27 விநாடி ஆகிறது. அந்த அற்ப நேரத்துக்குள் பூமி வட்டை ஓரடிக்கு மேல் கீழே இழுத்துவிடும். இந்தக் கணக்கை எந்த ஆட்டக்காரரும் காகிதத்தில் போடுவதில்லை. அடித்து முடித்த மட்டையின் நுனி எங்கே நோக்கி நிற்கிறதோ அங்கேதான் வட்டு போகும் என்று ஆயிரம் முறை பழகிக் கை அறிந்துகொள்கிறது.

அலகு முன்காலத்தில் நேராயிருந்தது. 1960-களின் தொடக்கத்தில் சிக்காகோ அணியின் ஸ்டான் மிகிடா, பயிற்சியின்போது அலகு பழுதுபட்டு வளைந்த மட்டையால் கோபத்தில் ஒரு வட்டை ஓங்கி அடித்தாராம். அது விசித்திரமாய்ப் பறந்து போனதைக் கண்டு திகைத்தாராம். பிறகு அவரும் அவருடைய அணித் தோழர் பாபி ஹல்லும் வேண்டுமென்றே அலகை வளைத்துக்கொண்டார்கள். வளைந்த அலகு வட்டை ஏந்திக்கொள்கிறது, அதிகமாய்ச் சுழற்றுகிறது, கோல் காவலருடைய கண்ணையும் ஏய்க்கிறது. சிலருடைய அலகுகள் வாழைப்பழம் போலவே வளைந்துவிட்டபடியால் அதிகாரிகள் குறுக்கிட்டு, வளைவு அரை அங்குலத்துக்கு மேற்படக் கூடாது என்று விதித்தார்கள். 2006-இல் அதை முக்கால் அங்குலமாகத் தளர்த்தினார்கள்.

காவலரின் கணக்கு

இதுவரை அடிப்பவர் பக்கம் நின்று பேசினோம். இனி எதிரே நிற்கும் மனிதரையும் சற்றுக் கவனிப்போம்.

மணிக்கு 100 மைல் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 147 அடி. 60 அடி தூரத்திலிருந்து அடித்தால் வட்டு வலையை அடைய 0.41 விநாடி, 30 அடியிலிருந்து அடித்தால் 0.2 விநாடி. கண் ஒன்றைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, கை அசையத் தொடங்கவே மனிதனுக்குச் சுமார் 0.2 விநாடி ஆகிறது. ஆகவே, 30 அடியிலிருந்து வரும் அடியைக் கண்டபின் தடுக்க நினைக்கும் காவலருடைய கை அசையத் தொடங்கும்போது வட்டு வலைக்குள் இருக்கும். அப்படியானால் அவர்கள் தடுப்பது எப்படி? வட்டைப் பார்த்துத் தடுப்பதில்லை. அடிப்பவரைப் பார்த்துத் தடுக்கிறார்கள். தோள் திரும்பும் விதம், கீழ்க்கை அழுத்தும் இடம், அலகு சாயும் கோணம், இவையே காவலருக்கு முன்னறிவிப்பு.

விளக்குக்கு அருகில் கையைக் கொண்டு போனால் சுவரில் நிழல் பெரிதாகும் அல்லவா? வட்டு இருக்கும் இடத்தை விளக்கு என்றும், வலையைச் சுவர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். காவலர் வலையை விட்டு இரண்டடி முன்னே வந்தால் அவருடைய 'நிழல்' வலையில் பெரும் பகுதியை மூடிவிடும். அடிப்பவருக்குத் தெரியும் வெற்றிடம் சுருங்கிவிடும். இங்கே இன்னொரு நுட்பம் இருக்கிறது. அடிப்பவரின் கண் ஓரிடத்தில் இருக்கிறது. வட்டு பக்கவாட்டில் சில அடி தள்ளி, கீழே கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சந்து வட்டுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. தேர்ந்தவர் தம் கண்ணால் பார்ப்பதை விட்டு, வட்டின் கண்ணால் வலையைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்.

இப்போது வீச்சு அடியின் பலவீனம் விளங்கும். 40 அடியிலிருந்து மணிக்கு 100 மைல் வேகத்தில் வரும் வீச்சு அடிக்கு 0.27 விநாடி, மணிக்கு 70 மைல் வேகத்தில் வரும் மணிக்கட்டு அடிக்கு 0.39 விநாடி. வீச்சு அடிக்கு 0.12 விநாடி லாபம். ஆனால் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கி இறக்க இதைப்போல் பல மடங்கு நேரம் ஆகிறதே! "இதோ அடிக்கப் போகிறேன்" என்று தண்டோரா போட்டுவிட்டு அடிப்பதற்கு அது சமானம். வேகத்தால் சம்பாதித்ததை அறிவிப்பால் இழந்துவிடுகிறார். மணிக்கட்டு அடிக்காரரோ முன்னறிவிப்பு இல்லாமலே விட்டுவிடுகிறார். இக்காலத்தில் 2023-24 பருவத்தில் 69 கோல் போட்ட ஆஸ்டன் மாத்யூஸ் போன்றவர்கள், விடும் தறுவாயில் வட்டைச் சட்டென்று தம் பக்கம் இழுத்துக்கொண்டு கோணத்தை மாற்றி விடுகிறார்கள். காவலர் மூடியிருந்த கதவு ஒன்று. வட்டு நுழையும் கதவு வேறு.

இரண்டின் நன்மையையும் ஒன்றாய்ச் சேர்க்கவும் வழி உண்டு. தோழர் குறுக்கே தள்ளிய வட்டை நிறுத்தாமல், வந்தபடியே அடிப்பதுதான் அது. வட்டு வந்துகொண்டிருக்கும்போதே மட்டை ஓங்கப்படுகிறது. காவலரோ வட்டைத் தொடர்ந்து ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தாவிக்கொண்டிருக்கிறார். தண்டோரா அடிக்கிறது, கேட்க அவருக்கு நேரமில்லை. ருஷ்யரான அலெக்ஸாண்டர் ஒவெச்கின் இவ்வித அடிக்குப் பேர்போனவர். களத்தின் இடப்புற வட்டத்தில் நின்று அடிப்பது அவர் வழக்கம் என்பதை இருபது ஆண்டுகளாக எல்லா அணிகளும் அறிந்திருந்தன. அறிந்தும் முழுவதும் தடுக்க இயலவில்லை. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி தம் 895-ஆவது கோலைப் போட்டு, வேயின் கிரெட்ஸ்கியின் 894 என்ற சாதனையை அவர் கடந்தார். அந்தக் கோலும் அதே இடப்புறத்திலிருந்து வந்ததுதான்.

வேகத்தின் விலை

330 அடி கோபுரத்திலிருந்து விழும் கல்லைச் சற்று முன் சொன்னோம். அந்தக் கல் ஒரு மனிதருடைய முகத்தில் பட்டால்?

1959-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் மான்ட்ரீல் அணியின் காவலர் ஜாக் பிளாண்டின் முகத்தில் ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு பாய்ந்தது. அந்நாளில் காவலர்கள் வெறும் முகத்தோடு நிற்பதே வீரம் என்று எண்ணப்பட்டது. பிளாண்ட் பயிற்சியின்போது முகமூடி அணிவது வழக்கம். பயிற்சியில் அவருக்கு எதிரே நின்று அடித்தவர்களில் 'பூம் பூம்' ஜியோஃப்ரியனும் ஒருவரல்லவா? பந்தயங்களில் மட்டும் முகமூடியை அணியப் பயிற்சியாளர் டோ பிளேக் சம்மதிக்கவில்லை. முகமூடி அணிகிறவன் பயந்தவன் என்பது அக்காலத்துக் கொள்கை. காயத்தைத் தைத்துக்கொண்ட பிளாண்ட், முகமூடி இல்லாமல் மறுபடியும் களத்தில் இறங்குவதில்லை என்று சொல்லிவிட்டார். அணியில் வேறு காவலர் இல்லை. பிளேக் இணங்கினார். மான்ட்ரீல் 3-1 என்று வென்றது. அந்தப் பருவத்தின் முடிவில், 1960-இல், ஸ்டான்லி கோப்பையும் அவர்களுக்கே கிடைத்தது. முகத்தை மூடியவர் பயந்தவர் என்ற பேச்சு அதன்பின் மெள்ள மெள்ள மடிந்தது. இன்று முகமூடியில்லாத காவலர் ஒருவரையும் காண முடியாது.

காவலருக்காவது கவசம் உண்டு. வட்டு வருகிறது என்ற அறிவும் உண்டு. பார்க்க வந்தவர்களுக்கு? 2002-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒஹையோ மாகாணத்துக் கொலம்பஸ் நகரில் ஆட்டம் பார்க்க வந்திருந்த 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் தலையில், அடிக்கப்பட்டுத் திசை மாறிப் பறந்து வந்த வட்டு ஒன்று பட்டது. இரண்டு நாளில் அவள் இறந்து போனாள். அடுத்த பருவத்திலிருந்து தேசிய ஹாக்கி லீக்கின் எல்லா அரங்கங்களிலும் கோலுக்குப் பின்னாலுள்ள ஆசனங்களின் முன்னே வலை கட்ட வேண்டும் என்று கட்டளை பிறந்தது. வலை காட்சியை மறைக்கும் என்று அதுவரை ஆட்சேபித்தவர்கள் பலர். வலை வந்த பிறகும் ஆட்டம் தெரியத்தான் செய்கிறது. ஒரு குழந்தையின் உயிருக்கு முன்பே தெரிந்திருக்கக் கூடாதா என்று கேட்பதைத் தவிர நாம் என்ன சொல்ல இருக்கிறது?

வளைக்க முடிந்த வில்லே வில்

கடைசியாக, குழந்தைகளைப் பெற்றவர்களுக்குப் பயன்படும் விஷயம் ஒன்று. பனி ஹாக்கி ஆடும் நாடுகளில் பெற்றோர் செய்யும் பெரிய தவறு, "நாளைக்கு வளர்ந்துவிடுவான்" என்று எண்ணிப் பெரியவர்களுடைய மட்டையை வாங்கி, நீளத்தை வெட்டிப் பையன் கையில் கொடுப்பது. வெட்டிச் சுருக்கிய தண்டு முன்னிலும் விறைப்பாகிவிடும். பையனால் அதை வளைக்க இயலாது. வளையாத வில்லிலிருந்து அம்பு எப்படிப் புறப்படும்? அவன் கையை ஓங்கி ஓங்கி அடித்துத் தோளை நோகடித்துக்கொள்வதே மிச்சம். உடல் எடை எத்தனை பவுண்டோ அதில் பாதியளவு எண்ணுள்ள மட்டையே பொருந்தும் என்பது பயிற்சியாளர்கள் வாய்ப்பாடாகச் சொல்லும் கணக்கு. கால்கரி சர்வகலாசாலையார் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதற்கு அநுகூலமே: மணிக்கட்டு அடியில் இளகிய தண்டே வட்டுக்கு அதிக வேகம் தருகிறது, வீச்சு அடியிலோ தண்டின் விறைப்பைக் காட்டிலும் அதை வளைக்கும் ஆளின் வித்தையே முக்கியம்.

ஆகவே, மட்டையின் பெருமை அதன் உறுதியில் இல்லை. பிடித்தவன் அதை வளைக்க முடிகிறதா என்பதில் இருக்கிறது. அடுத்த முறை திரையில் பனி ஹாக்கி ஆட்டம் காணக் கிடைத்தால், வட்டின்மேல் கண்ணை வைக்காதீர்கள். அது கண்ணுக்கு அகப்படாது. அடிப்பவருடைய மட்டை பனியைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரு க்ஷணம் வில் வளையும். பிறகு எதிரே முகமூடியின் பின்னால் விழித்திருக்கும் இரண்டு கண்களையும் பாருங்கள். ஆட்டம் முழுவதும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.